கை முந்தும் பிள்ளைக்குக் கால் முந்தப் பழக்குவது எப்படி?

கேள்வி: நான் திருகோணமலை நகருக்கு வெளியே ஒரு பாடசாலையில் கணித ஆசிரியை. மாணவியாக இருந்த காலத்தில் கூடைப்பந்தாட்டம் ஆடியிருக்கிறேன் என்பதால், 15 வயதுக்குட்பட்ட பெண்கள் அணியையும் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அணியில் 14 பிள்ளைகள். கிழமைக்கு மூன்று நாள், பிற்பகல் 3.30 முதல் 5.30 வரை பயிற்சி. இரண்டு வளையங்களில் ஒன்றுதான் பாவிக்கக்கூடிய நிலையில் இருக்கிறது. பந்தைப் போடுவதில் எங்கள் பிள்ளைகள் குறைந்தவர்கள் அல்லர், தடுப்பதில்தான் தோற்கிறோம். எதிரணிப் பிள்ளை பந்தோடு வந்தால் கையை நீட்டிப் பறிக்கப் பார்த்துப் பவுல் வாங்குகிறார்கள். அவள் தாண்டிப் போய்விட்டால் மற்ற நால்வரும் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். போன வருடம் 2-3 சோன் (ஆளை அல்லாமல் ஆளுக்கொரு இடத்தைக் காப்பது; முன்னே இருவர், பின்னே மூவர்) பழக்கி வலய மட்டத்தில் வென்றோம். மாகாண மட்டத்தில் ஓர் அணி வெளியிலிருந்தே போட்டுப் போட்டு எங்களைத் தோற்கடித்தது. தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டும் பார்த்தேன், மாற்றம் இல்லை. சோனைத் திருத்துவதா, அதை விட்டுவிட்டு ஒவ்வொருத்தியும் ஓர் எதிராளியை மறிக்கும் ஆளுக்கு ஆள் தடுப்பைத் தொடங்குவதா?

பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு, வணக்கம்.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பருவத்துக்குச் சோனை ஒதுக்கிவைத்துவிட்டு ஆளுக்கு ஆள் தடுப்பைத் தொடங்குங்கள். அதையும் கால்களிலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டு மாதங்களில், போன வருடம் எளிதாக வென்ற அணிகளிடம்கூட நீங்கள் தோற்கக்கூடும் என்பதால், அதிபரிடமும் பெற்றோரிடமும் இப்போதே அதைச் சொல்லிவைப்பது நல்லது. (சோனை ‘வலயத் தடுப்பு’ என்று எழுதலாம்தான், கல்வி வலயத்தையும் வலய மட்டப் போட்டியையும் பற்றியே நாள் முழுதும் பேசும் நமக்கு அது குழப்பத்தைத் தரும் என்பதால் பிள்ளைகள் சொல்கிறபடியே எழுதுகிறேன்.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொற்கள் “கையை நீட்டிப் பறிக்கப் பார்த்து” என்பவைதான். பிள்ளை ஏன் கையை நீட்டுகிறாள்? அவளுடைய கண் பந்தில் இருக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் பந்து எழும்பி வரும்போதெல்லாம், இந்த முறை எடுத்துவிடலாம் என்றே அவளுக்குத் தோன்றுகிறது. கை நீளும்போது உடம்பின் பாரம் முன்காலுக்குப் போகிறது. பாரம் ஏறிய காலை உடனே பெயர்க்க முடியாது. அந்த நேரத்துக்குள் எதிராளி அவளுடைய தோளைக் கடந்துவிடுகிறாள். கடந்தவளைப் பின்னாலிருந்து தட்டும்போது நடுவரின் விசில் கேட்கிறது. ஆகவே பவுல் என்பது கை செய்த பிழைபோலத் தெரிந்தாலும், உண்மையில் கால் பிந்தியதால் வந்த வினை. ஓரத்தில் நின்று “பவுல் செய்யாதே” என்று நாம் கத்துவது பலிக்காமல் போவதும் இதனால்தான்: கால் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லாமல், கை என்ன செய்யக்கூடாது என்பதை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஐந்து பவுலோடு பிள்ளை வெளியே வர வேண்டும், ஒரு குவாட்டரில் (ஆட்டத்தின் கால் பகுதியில்) அணி நான்கு பவுல்களை முடித்துவிட்டால் அதன்பின் தடுப்பில் செய்யும் ஒவ்வொரு பவுலுக்கும் எதிரணிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ (யாரும் மறிக்காமல் வளையத்துக்குப் போடும் வாய்ப்பு) கிடைக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் உங்கள் பிள்ளைகளில் எத்தனை பேர் அதை அறிவார்கள் என்று ஒரு நாள் கேட்டுப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் பயிற்சிக்கு வந்த 13 வயதுப் பிள்ளை ஒருத்தி அணியிலேயே வேகமானவள். ஆனால் பாதி ஆட்டம் முடிவதற்குள் நான்கு பவுல்களோடு வந்து வாங்கில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் அவளுடைய லேஞ்சியை எடுக்கச் சொல்லி, அதன் இரு முனைகளையும் முதுகுக்குப் பின்னால் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, டிரிபிள் செய்துவரும் (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே வரும்) தோழியை மறிக்கச் சொன்னேன். “சேர், கையைக் கட்டிப்போட்டு எப்படி மறிக்கிறது?” என்று கேட்டாள். முதல் மூன்று முறையும் தோழி சிரித்துக்கொண்டே தாண்டிப் போனாள். நான்காம் முறை இவள் அரை அடி பின்னுக்கு விலகி நின்றாள். நான் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, கை இல்லாதபோது இடைவெளிதான் துணை என்று உடம்பே கண்டுபிடித்துக்கொண்டது. பயிற்சி முடிந்தபோது லேஞ்சி வியர்வையில் நனைந்து கயிறுபோல முறுகியிருந்தது. லேஞ்சியை விட்ட முதல் இரண்டு நாட்களும் பழைய கை திரும்பி வந்தது, மறுபடியும் கொடுத்தேன். ஒரு மாதம் அப்படி மாறி மாறிப் போனது. அதன் பிறகு அவளுக்குப் பவுல் விழாமல் இருக்கவில்லை. ஆனால் நாலாவது குவாட்டரிலும் அவள் களத்தில் இருந்தாள்.

தடுப்பாளர் நிற்கும் நிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் உங்களுக்கே தெரிந்ததுதான். பாதங்கள் தோளகலத்தைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும்; பாரம் முன்பாதத்தில்; கதிரையில் உட்காரப் போனவள் பாதியில் நின்றதுபோல இடுப்பு தாழ வேண்டும்; முதுகு கூனக்கூடாது. பக்கவாட்டில் நகரும்போது, போகும் திசைக்கு எதிர்ப்பக்கத்துக் கால் தரையை உதைத்து உடம்பைத் தள்ள வேண்டும். இரண்டு குதிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பிழையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது: கால்களைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள். அலைமேல் தோணி போலத் தலை ஏறி இறங்கினால் பிள்ளை துள்ளுகிறாள். தலை ஒரே மட்டத்தில் போனால் சரியாக நகர்கிறாள். ஒரு தடவைக்கு 20 விநாடிக்கு மேல் இதைச் செய்விக்க வேண்டாம். களைத்த பிள்ளை நிமிர்ந்துவிடுவாள், நிமிர்ந்தே நகரப் பழகிவிடுவாள்.

பெண்பிள்ளைகள் என்பதால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தாழ்ந்து நிற்கும்போதும் துள்ளித் தரையில் இறங்கும்போதும் முழங்கால்கள் உட்பக்கமாகச் சாய்கின்றனவா என்று பாருங்கள். ஏசிஎல் எனப்படும் முழங்கால் இணைப்பு நார் அறுந்துபோவது, திடீரென்று திரும்பி ஓடும் விளையாட்டுகளில், ஆண்பிள்ளைகளைவிடப் பெண்பிள்ளைகளுக்கே அதிகம் நேர்கிறது. பயிற்சியின் முதல் 15 நிமிடத்தில் ஒற்றைக்காலில் சமநிலையாக நிற்பது, மெதுவாகத் துள்ளி முழங்காலை மடித்து இறங்குவது, ஓடிவந்து நிற்பது ஆகியவற்றைச் சேர்த்துவந்தால் அந்த ஆபத்து குறையும். நமது சீமெந்துத் தளங்களில், கச்சான் வீசும் மாதங்களில், மணல் படிந்து சறுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பயிற்சிக்கு முன் இரண்டு பிள்ளைகளிடம் தும்புத்தடியைக் கொடுப்பதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

கால் ஓரளவு பழகியதும் பந்தோடு வருபவளை எங்கே பார்ப்பது, எந்தப் பக்கம் தள்ளுவது என்பதற்கு வாருங்கள். கண் அவளுடைய இடுப்பில் இருக்கட்டும். பந்தாலும் தோளாலும் தலையாலும் ஏமாற்றலாம், இடுப்பை விட்டுவிட்டு எவளும் எங்கேயும் போக முடியாது. இடைவெளி ஒரு கை தூரம். எதிராளி உங்கள் பிள்ளையைவிட வேகமானவள் என்றால் இன்னும் அரை அடி கூட. ஆடுகளத்தின் அகலம் 15 மீற்றர். அதன் நடுவில் வருபவளுக்கு இரண்டு பக்கமும் திறந்திருக்கும், பக்கக் கோட்டை ஒட்டி வருபவளுக்கு ஒரு பக்கம்தான். அதனால் நடுப்பக்கத்தை அடைத்து நின்று அவளைக் கோட்டை நோக்கிப் போகவிடுவதே தடுப்பாளரின் வேலை என்று சொல்லிக் கொடுங்கள். நம் வயதுப் பிரிவில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடக்கையால் டிரிபிள் செய்வது சிரமம். அந்தப் பக்கமாகத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விதியையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். எதிராளியைப் பார்த்தபடி இரண்டு பாதங்களும் தரையில் ஊன்றி முதலில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டவளுக்கு அந்த இடம் சொந்தம். அவளுடைய உடம்பைச் சுற்றி நேர்மேலாக எழும் உருளைபோன்ற வெளியும் அவளுடையது, அதற்குள் கையை உயர்த்தலாம், நேராகத் துள்ளலாம். இதை ஒரு கணித ஆசிரியை சொல்லும்போது பிள்ளைகளுக்கு என்னைவிட நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன். கை அந்த உருளைக்கு வெளியே நீண்ட கணத்தில் நடுவருக்கு வேலை கொடுத்துவிடுகிறோம்.

கையை எப்போதுமே பயன்படுத்தக்கூடாது என்று பிள்ளைகள் விளங்கிக்கொண்டால் அதுவும் பிழை. டிரிபிளை முடித்துப் பந்தைப் பிடித்துவிட்டவள் இனி நடக்க முடியாது. பாஸ் கொடுக்க வேண்டும், அல்லது போட வேண்டும். அந்தக் கணத்தில் தடுப்பாளர் நெருங்கி, இரண்டு கைகளையும் உயர்த்திப் பந்து போகும் திசையெல்லாம் கையையும் கொண்டுபோக வேண்டும். ஒரு மீற்றருக்குள் இப்படி நெருங்கி நின்றால், ஐந்து விநாடிக்குள் பந்தை விடாதவளிடமிருந்து அது நமக்கு வந்துவிடும். என் பிள்ளைகள் அந்த நேரத்தில் “நின்றிட்டாள், நின்றிட்டாள்” என்று சத்தம் போடுவார்கள். அதைக் கேட்டதும் மற்ற நால்வரும் தங்கள் ஆளுக்குப் பாஸ் வரும் வழியை அடைத்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு.

இனி, நின்று வேடிக்கை பார்க்கும் நால்வரைப் பற்றி. என் அனுபவத்தில் இளையோர் அணிகள் தோற்பது பந்தோடு வருபவளை மறிக்கும் பிள்ளையால் அன்று, இந்த நால்வரால்தான். ஒருத்தி தாண்டப்படுவது எந்த அணிக்கும் நேரும். தாண்டியவளுக்கு எதிரே அடுத்தவள் வந்து நிற்கிறாளா என்பதே கேள்வி, வருவதற்கு அவள் முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றிருக்க வேண்டும். அதைப் பழக்க நால்வருக்கு நால்வர் பயிற்சியைவிடச் சிறந்த ஒன்றை நான் அறியேன். அதற்கு ஒரு வளையமே போதும் என்பது உங்களுக்கு வசதி.

வளையத்தின் நேர்கீழிருந்து நடுக்கோடு வரை, களத்தை இரண்டாகப் பிரித்து வெண்கட்டியால் ஒரு கோடு கீறுங்கள். தாக்குபவர்கள் நால்வரில் இருவரை மேலே இரு பக்கமும், இருவரை இரு மூலைப் பக்கமும் நிறுத்துங்கள்; அவர்கள் நகரவும் கூடாது, போடவும் கூடாது, பாஸ் மட்டும் கொடுக்கலாம். ஒவ்வொருத்திக்கும் ஒரு தடுப்பாளர். பந்து வைத்திருப்பவளை மறிப்பவள் ஒரு கை தூரத்தில் நிற்பாள். ஒரு பாஸ் தூரத்தில் இருப்பவளின் தடுப்பாளர், தன் ஆளைவிட்டு ஓரடி உள்ளே வந்து, பாஸ் போகும் வழியில் கையை வைத்திருப்பாள். பந்துக்கு எதிர்ப்பக்கம் இருப்பவளின் தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு அந்த வெண்கட்டிக் கோடு வரை வந்துவிட வேண்டும். ஒரு கை பந்தைக் காட்ட வேண்டும், மறு கை தன் ஆளைக் காட்ட வேண்டும், கண் இரண்டையும் பார்க்க வேண்டும். “என் ஆளை விட்டுவிட்டு இவ்வளவு தூரம் வருவதா?” என்று பிள்ளைகள் பதறுவார்கள். பந்து அங்கே போய்ச்சேர எடுக்கும் நேரத்தில் இவள் பாதி தூரத்தை ஓடிவிடலாம் என்று ஒரு முறை செய்து காட்டுங்கள்.

இதில் எல்லாம் தங்கியிருப்பது ஒரே ஒரு விடயத்தில்: தடுப்பாளர் எப்போது நகர்கிறாள்? பழகாத பிள்ளை, பந்தை மற்றவள் பிடித்த பிறகு நகர்வாள். பந்து கையை விட்டுப் புறப்படும்போதே நால்வரும் நகர வேண்டும். அது காற்றில் இருக்கும் நேரத்துக்குள் புது இடத்தில் நிற்க வேண்டும். முதல் கிழமையில் ஒவ்வொரு பாஸுக்கும் ஆட்டத்தை நிறுத்தி, “இப்போது பந்து எங்கே, நீ எங்கே, உன் ஆள் எங்கே?” என்று கேளுங்கள், பதிலை விரலால் காட்டட்டும். இரண்டாம் கிழமையில் நிறுத்தாமல் விடுங்கள். மூன்றாம் கிழமையில் தாக்குபவர்களில் ஒருத்தி டிரிபிள் செய்து உள்ளே புகலாம் என்று அனுமதியுங்கள். அப்போது கோட்டில் நிற்பவள் குறுக்கே வந்து மறிப்பாள். அவள் விட்டுவந்த ஆளை இன்னொருத்தி பார்த்துக்கொள்வாள். தாண்டப்பட்டவள் நின்று வருந்தாமல் வளையத்தை நோக்கித் திரும்பி ஓட வேண்டும். இந்தத் திரும்பி ஓடுவதைத் தனியாகவே பழக்க வேண்டியிருக்கும். பக்கவாட்டு நகர்வை அதிகம் பழகிய பிள்ளைகள், தாண்டப்பட்ட பிறகும் பக்கவாட்டிலேயே நகர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எதிரே டிரிபிள் செய்ய ஆள் போதாது என்றால் ஊரில் தேடுங்கள். கிழக்கில் இந்த விளையாட்டு வேரூன்றியதில் அமெரிக்க இயேசு சபைத் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு. லூசியானாவிலிருந்து வந்து திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் பணியாற்றி, 1990 ஆகஸ்டில் காணாமற்போன யூஜின் ஹேபர்ட் அடிகளாரை மூத்தவர்கள் பலர் கூடைப்பந்தாட்டப் பயிற்றுவிப்பாளராகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆடியவர்களோ, அவர்களிடம் பழகிய அடுத்த தலைமுறையினரோ உங்கள் பக்கத்திலும் இருக்கக்கூடும். ஐம்பது வயது அக்கா ஒருவர் மெதுவாக டிரிபிள் செய்து வந்து உங்கள் பிள்ளைகளைத் திசை மாற்றி ஏமாற்றட்டும். வேகத்துக்கும் வித்தைக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் ஒரே மாலையில் தெரிந்துகொள்வார்கள்.

சோன் போன வருடம் வென்றது ஏன், பிறகு தோற்றது ஏன் என்பதை இப்போது சொல்லலாம். 14, 15 வயதில் 6.75 மீற்றர் தூரத்து மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை நம்பிக்கையோடு போடக்கூடிய பிள்ளைகள் மிகச் சிலர். களத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு ஒரே பாஸில் அனுப்பும் கைவலுவும் பலருக்கு இல்லை. ஆகவே வளையத்தின் அருகே ஐந்து பேர் கூடி நின்றாலே எதிரணி தடுமாறும். வென்றது உங்கள் தடுப்பாட்டம் அன்று, எதிரணியின் வயது. அந்தக் கைவலு வந்துவிட்ட அணியை மாகாண மட்டத்தில் சந்தித்தீர்கள், அவ்வளவுதான். ஆஸ்திரேலியாவின் பல இளையோர் போட்டிகளில் 14 வயதுக்குட்பட்ட பிரிவு வரை சோனைத் தடைசெய்திருப்பதும் இதனால்தான்: இரண்டு வருடம் சோனின் மூலையில் நின்ற பிள்ளைக்கு ஓர் ஆளை மறிக்கத் தெரியாமலே போய்விடுகிறது. சோனை நான் வெறுப்பவன் அல்லன். 17 வயதுப் பிரிவில் அதையும் பழக்குகிறேன்; ஆளுக்கு ஆள் தடுப்பை அறிந்த பிள்ளைகள் அதை இரண்டு கிழமையில் பிடித்துக்கொள்கிறார்கள்.

தண்டனை ஓட்டத்தை, மன்னிக்க வேண்டும், உடனே நிறுத்துங்கள். தடுக்கத் தவறினால் ஓட்டம் என்றால், தடுப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே பிள்ளைக்கு வெயிலும் மூச்சிரைப்பும்தான் நினைவுக்கு வரும். அதற்குப் பதிலாக மூவருக்கு மூவர் ஆட்டத்தை வைத்து, புள்ளியைத் தடுப்பவர்களுக்கே கொடுங்கள்: எதிரணி போடாமல் பந்து கைமாறினால் ஒரு புள்ளி, தொடர்ந்து மூன்று முறை தடுத்தால் ஆட்டம் அவர்களுக்கு. வாங்கில் இருக்கும் பிள்ளையிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, யாருடைய விரல் பட்டுப் பாஸ் திசைமாறியது, யார் உதவிக்கு வந்தாள், யார் தாண்டப்பட்ட பின்னும் திரும்பி ஓடினாள் என்று கோடு போடச் சொல்லுங்கள். எழுதுபவளுக்கும் அது பயிற்சி; இவ்வளவு நாளும் பந்தையே பார்த்தவள், முதன்முறையாகப் பந்து இல்லாத இடத்தைப் பார்ப்பாள்.

மற்றவை சிறியவை. எதிராளி பந்தைப் போட்டதும் அண்ணாந்து பந்தைப் பார்க்காமல், தன் ஆளைத் தேடி முதுகால் மறித்த பிறகே ரிபவுண்டுக்கு (தவறித் திரும்பி வரும் பந்துக்கு) துள்ள வேண்டும். மூலையிலிருந்து போட்டுத் தவறும் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கமே விழும் என்பதால் அங்கே ஒருத்தி இருக்கட்டும். மோதலை வாங்கி மல்லாந்து விழுந்து பவுல் எடுப்பதைச் சீமெந்துத் தளத்தில் இந்த வயதில் நான் பழக்குவதில்லை, நீங்களும் பழக்க வேண்டாம். உயரமான பிள்ளை இருந்தால், பந்தைத் தட்டிக் களத்துக்கு வெளியே அனுப்பிக் கைதட்டு வாங்குவதைவிட, உள்ளேயே விழத் தட்டித் தன் அணிக்குக் கொடுப்பது மேல் என்று சொல்லுங்கள். பொஸ்டன் செல்டிக்ஸ் அணிக்காக 13 பருவங்கள் ஆடி 11 முறை அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏ பட்டம் வென்ற பில் ரஸல் அப்படித் தட்டுவதற்கே பேர்போனவர்.

நேரத்தைப் பொறுத்தவரை, இரண்டு மணித்தியாலத்தில் தடுப்புக்கென்று அரை மணித்தியாலம் போதும், ஆனால் மூன்று நாளும் தவறாமல். பிள்ளைகள் களைப்பதற்கு முன், சூடேற்றும் பயிற்சி முடிந்ததுமே அதை வைத்துவிடுங்கள். ஐப்பசியில் வாடை மழை தொடங்கித் தளம் நனைந்துவிட்டால் பயிற்சியை நிறுத்த வேண்டாம். பாடசாலை மண்டபத்தில் கதிரைகளை ஒதுக்கி, தரையில் அதே வெண்கட்டிக் கோட்டைக் கீறி, நால்வருக்கு நால்வர் பயிற்சியை நடந்தபடியே செய்விக்கலாம்; வளையமும் தேவையில்லை, பந்துக்குப் பதிலாகச் சுருட்டிய துவாய் ஒன்றே போதும்.